ராகு காலத்தில் ஆறிய பீட்சா

அந்த ஞாயிற்றுக்கிழமை புசல்லாவையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: அம்மா, தங்கச்சி சுகந்தி, நான், புரோக்கர் மாணிக்கம், வத்தேகமயிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாயார், மாப்பிள்ளையின் தாய்மாமன். நடுவில் ஸ்டூலின் மேல் இரண்டு பீட்சா.

இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா. மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறேன் என்று மத்தியானமே கிளம்பிவிட்டார். அன்றைக்கு வேண்டிய புல் காலையிலேயே கட்டாகக் கட்டித் தொழுவத்தில் கிடந்தது. இன்னொருவர் மாப்பிள்ளை. அவர் இத்தாலியில் இருந்தார்.

பீட்சா கேட்டது அவர்தான்.

முகம் மட்டும் வந்திருந்தது. போனுக்குள். அந்தப் போனை அச்சாறுப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தோம். கல்யாண விஷயத்தில் எங்கள் சனம் காட்டும் மரியாதைக்கு அளவே இல்லை.

ஒரு சதம் வேணாமாம்

அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பு புரோக்கர் மாணிக்கம் எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் அம்மாவிடம் வாயைத் திறந்தார்.

"சீதனம் ஒரு சதம் வேணாமாம் தங்கச்சி. வீடு வேணாம், நக வேணாம். பொண்ணுக்கு பீட்சா செய்யத் தெரிஞ்சாப் போதுமாம். தம்பி அங்க வேற ஒண்ணையும் வாயில வைக்கிறதில்லயாம்."

"பீட்சான்னா என்னாண்ணே?" என்றார் அம்மா.

"ரொட்டிதான். மேல என்னென்னமோ போட்டிருக்கும்."

"ரொட்டிதானே, செஞ்சிருவோம்."

குசினியிலிருந்து சுகந்தியின் குரல் வந்தது. "அவருக்குப் பொண்டாட்டி வேணுமா, சமையலுக்கு ஆள் வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க மாமா."

"வாய மூடு புள்ள!" என்றார் அம்மா. புரோக்கர் சிரித்தார். தரகு வரும்வரை எல்லாவற்றுக்கும் சிரிப்பது அவருடைய தொழில்.

சுகந்தி டவுனில் முன்பள்ளி ஆசிரியை. அதற்கு முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் ஒரே இடத்தில்தான் முட்டி நின்றன. கொழுந்து பறித்தே காலம் போன அம்மாவுக்கு ஓய்வு பெறும்போது கைக்கு வரப்போகிற ஒரே காசு ஈ.பி.எப். வந்தவர்கள் எல்லாரும் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்து அம்மாவின் ஈ.பி.எப். பக்கம் திரும்பினார்கள். அம்மா கொடுக்கத் தயாராகவே இருந்தார். சுகந்திதான் ஒரே பிடி. "அந்தக் காசுல கை வைக்காத ஆளுன்னா நொண்டியா இருந்தாலும் பாக்குறேன். கை வைக்கிற ஆளுன்னா ராசாவே வந்தாலும் வேணாம்."

ஆகவே, ஒரு தட்டு பீட்சாவில் அம்மாவின் கடைசிக் காலம் தப்பும் என்றால் கசக்குமா? சுகந்தி முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள்.

படித்த பிள்ளையின் பாடத்திட்டம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்துப் பேராதனைப் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். இந்தத் தொடரை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு அதன் பெருமையும் தொல்லையும் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் படித்தவன் என்றால் எல்லாம் தெரிந்தவன். மருந்துப் போத்தலை வாசிப்பது, கரண்ட் பில்லில் பிழை பிடிப்பது, அரசாங்கக் கந்தோரில் போய்ச் சிங்களத்தில் பேசுவது, டீவியில் காணாமற்போன சேனலைத் தேடிக் கொண்டுவருவது எல்லாமே பட்டப்படிப்புக்குள் அடக்கம். இப்போது பீட்சாவும் சேர்ந்துகொண்டது.

"இங்கிலீசுல போட்டிருப்பாங்கல்ல. படிச்சிட்டு வந்து தங்கச்சிக்குச் சொல்லிக் குடு" என்றார் அம்மா.

எனக்குக் கண்டியில் ஒரு தனியார் கம்பனியில் வேலை. பேராதனையில் வாடகை அறை. வாரக் கடைசியில் பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். பீட்சாவோடு எனக்கிருந்த உறவெல்லாம், கேம்பஸ் காலத்தில் நண்பன் ஒருவன் பிறந்த நாளுக்குக் கண்டியில் ஒரு கண்ணாடிக் கடைக்குள் கூட்டிப்போனதுதான். ஏசிக் குளிரில் ஐந்து பேர் ஒரு பீட்சாவைச் சுற்றி உட்கார்ந்தோம். இதைக் கையால் சாப்பிடலாமா, கூடாதா என்று பக்கத்து மேசையைப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே சந்தேகம் போலிருக்கிறது. வெளியே வந்ததும் எல்லாரும் ஒரு கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டோம்.

அப்படிப்பட்டவன் இப்போது குரு.

போனில் வீடியோ பார்த்தேன். ஒரு தாடிக்காரர். அவருடைய குசினி, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவை விடப் பெரியது. "வீட்டில் இருக்கிற சாமான்களே போதும்" என்று ஆரம்பித்தார். பிறகு ஆலிவ் எண்ணெய், ஏதோ ஒரு இலை, பாறை போல ஒரு சுடுகல், ஐந்நூறு டிகிரிக்குப் போகும் அடுப்பு என்று வரிசையாக எடுத்து வைத்தார். எந்த வீட்டில் ஐயா இருக்கிறது இதெல்லாம்? அந்த வீடியோவுக்குக் கீழே லட்சம் பேர் இதயப் படம் போட்டிருந்தார்கள். அதில் எத்தனை பேர் மாவில் கை வைத்தார்களோ!

டீவிப் பெட்டிக்கு மேலே

கண்டி சுப்பர் மார்க்கெட்டில் சீஸ் வாங்கி, ஐஸ் பாக்கெட்டோடு சேர்த்துப் பேப்பரில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கம்பளை வருவதற்குள் ஐஸ் உருகிக் காற்சட்டை நனைந்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என்னைப் பார்த்தார், என் மடியைப் பார்த்தார், எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்டும் சீனியும் கரைத்து, கோதுமை மாவில் ஊற்றிச் சுகந்தி பிசைந்தாள். நான் வாசிக்க, அவள் பிசைய, அம்மா மேற்பார்வை. நான் போனைப் பார்த்துக் குனிந்திருந்த நேரத்தில் அம்மா ஒரு பிடி தேங்காய்ப்பூவை மாவுக்குள் போட்டுவிட்டார்.

"அம்மா! இதுல தேங்கா இல்ல!"

"வெறும் மாவு எப்பிடிடா தொண்டையில எறங்கும்? இத்தாலிக்காரன் பாவம், தேங்கா கெடைக்காம சும்மா திங்கிறான்."

அடுத்து, மாவை அறைச் சூட்டில் ஒரு மணித்தியாலம் வைக்க வேண்டும் என்றார் தாடிக்காரர். எந்த அறை? எங்கள் அறையில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கல்லாக உறைந்து கிடந்தது. வெளியே மூடுபனி. மாலைவரை காத்திருந்தும் மாவு வைத்த மாதிரியே இருந்தது. அப்பா எட்டிப் பார்த்து, "செத்துப்போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் சுகந்திதான் வீட்டில் சூடாக இருக்கும் ஒரே சாமானைக் கண்டுபிடித்தாள்: டிஷ் அன்டனாவின் பெட்டி. அதன் மேல் சட்டியை வைத்துப் போர்வையால் மூடினோம். டீவி ஓடினால்தான் பெட்டி சுடும். ஆகவே மாவு பொங்க வேண்டும் என்பதற்காக அன்று இரவு முழுக்க நாடகம் ஓடியது. ஒரு மாமியார் மருமகளை நாலு தடவை வீட்டை விட்டுத் துரத்தினாள். ஐந்தாவது தடவை துரத்தும்போது மாவு சட்டி விளிம்புக்கு வந்துவிட்டது. அந்த நாடகங்களால் உலகத்துக்கு நடந்த ஒரே நன்மை அதுதான் என்பது என் எண்ணம்.

ரொட்டிச் சட்டியில் வைத்து, மூடியின் மேல் தணல் போட்டுச் சுட்டோம். அடி கரி, மேலே பச்சை மாவு. முதலாவதை மாடு தின்றது. இரண்டாவதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்பா அதை வைத்தியர் சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டார். "இதெல்லாம் வேணாம்னு நான் சொன்னா கேக்க மாட்டீங்க. மாடு சொன்னா?"

காசிம் நானாவின் போறணை

மெயின் ரோட்டில் காசிம் நானாவின் பேக்கரி. பின்பக்கம் பான் சுடும் போறணை, விறகு போட்டுச் சூடேற்றும் பழைய செங்கல் அடுப்பு. ஒரு சனிக்கிழமை தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டேன்.

"பீட்சாவா?" என்று நானா நெஞ்சை நிமிர்த்தினார். "நான் சுடாத பீட்சாவா மகன்! நுவரெலியா ஹோட்டல்ல நிண்ட காலத்துல வெள்ளக்காரன் எண்ட கையப் புடிச்சிக் குலுக்கின."

அந்த ஹோட்டலின் பின்கதவில் பான் இறக்கிவிட்டு வந்தவர் அவர் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் போறணை அவருடையது. நான் தலையாட்டினேன்.

பின்னேரப் பான் இறங்கியதும் உள்ளே சூடு சரியாக இருக்கும் என்றார். சுகந்தி மாவை மெல்லிசாக இழுத்து, தக்காளி அரைப்பைத் தடவி, வெங்காயமும் கறிமிளகாயும் சீஸும் தூவிக் கொடுத்தாள். நீளப் பலகையில் வைத்து உள்ளே தள்ளினார் நானா. ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஓரம் பொங்கி, அங்கங்கே கருப்புப் புள்ளி விழுந்து, சீஸ் கொதித்துக்கொண்டே வெளியே வந்தது.

பேக்கரி வாசலில் நின்றபடியே சாப்பிட்டோம். சீஸ் நூலாக இழுபட்டு அம்மாவின் தாடையில் ஒட்டியது. சுகந்தி நாக்கைச் சுட்டுக்கொண்டு, "நல்லாத்தான்ணே இருக்கு" என்றாள். என் படிப்பைப் பற்றி என் தங்கச்சி சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

"சூட்டுலயே திண்டுறோணும்" என்றார் நானா. "ஆறினா செருப்பு. எனக்கிட்ட வந்து சொல்லப்படாது."

மாப்பிள்ளை வீட்டாருக்கு ஞாயிறு நாலு மணி என்று சொல்லி அனுப்பினோம். பான் இறங்கும் நேரம், போறணைச் சூடு, ஆட்டோவில் வீட்டுக்கு வரும் தூரம் எல்லாம் பார்த்து நான் போட்ட நேரம் அது. ராக்கெட் விடுகிறவர்கள்கூட அவ்வளவு கவனமாக இருந்திருக்க மாட்டார்கள்.

வேனுக்குள் நல்ல நேரம்

அன்று பான் இறங்கவே நாலு மணி தாண்டிவிட்டது. பீட்சா வெளியே வந்ததும் நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால், நானா தூரிகையோடு நிற்கிறார். இரண்டு பீட்சாவின் ஓரமும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கின்றன.

"நானா, என்ன இது?"

"சீனிப் பாணி. பணிஸுக்குத் தடவுறதுதான். விசேஷத்துக்குப் போற சாமான், மினுக்கம் இல்லாம அனுப்ப ஏலுமா மகன்? அதுக்குக் காசி வேணாம்."

அழுவதற்கு நேரமில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பேக்கரிக்கு எதிரே ஒரு வெள்ளை வேன். முன் சீட்டில் புரோக்கர் மாணிக்கம். பின்னால் பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா, கையில் மாலு பணிஸ், மீன் அடைத்த பன். பக்கத்தில் ஒரு மனிதர், அவர் கையிலும் மாலு பணிஸ். சந்தோஷமாகக் கிட்டே போனேன். புரோக்கர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கோழி விரட்டுவது போலக் கையை ஆட்டினார். பிறகு இறங்கி ஓடி வந்து என்னை ஆட்டோவுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"போ தம்பி, போ! நீ எங்களப் பாக்கல, நாங்க ஒன்னியப் பாக்கல."

"ஏன் மாமா?"

"கம்பளையில வாழப்பழம் பேரம் பேசுனதுல லேட்டாயிருச்சு. இப்ப ராகு காலம் தொடங்குது. வீட்டுக்குள்ள கால் வைக்க ஏலாது. ஆறு மணிக்கு மேல வர்றோம்."

"பீட்சா ஆறிரும் மாமா!"

"பீட்சாவச் சூடாக்கலாம்டா. கெட்ட நேரத்த நல்ல நேரமாக்க ஏலுமா? படிச்ச புள்ள, இது தெரியாதா?"

அவர்கள் வேனில் இருந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் அந்த வேனுக்கும் இடையில் ஆட்டோவில் ஐந்து நிமிடம். ஒன்றரை மணி நேரம் அவர்கள் அங்கேயே உட்கார்ந்து ராகுவை வழியனுப்பி வைத்தார்கள். மகன் இத்தாலியில், மாடி வீடு வத்தேகமயில், ரோட்டோரத்தில் வாய் நிறைய மாலு பணிஸ். பீட்சா மட்டும் எங்கள் ஸ்டூலின் மேல் ஆறிக்கொண்டிருந்தது.

அம்மா பதறிப்போய் ரொட்டிச் சட்டியில் போட்டுச் சூடாக்கினார். சீனிப் பாணி உருகி அடியில் கருகியது. சீஸ் முதலில் மெழுகாகி, பிறகு ரப்பராகி, கடைசியில் எதுவென்று சொல்ல முடியாத ஒன்றானது. சுகந்தி புடவைக் கொசுவத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "விடுங்கம்மா. செத்ததக் குளிப்பாட்டாதீங்க" என்றாள்.

அச்சாறுப் போத்தலில் இத்தாலி

ஆறு மணி தாண்டியதும் வலது காலை வைத்து உள்ளே வந்தார்கள். தாய்மாமன் ஏப்பம் விட்டார். வெற்றிலை எடுத்தார்கள். கதிரை பத்தாமல் புரோக்கர் கட்டிலில் உட்கார்ந்தார். போன் அச்சாறுப் போத்தலில் ஏறியது. மாப்பிள்ளை பிரசாந்த் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அறைக்குள்.

தாயார் ஒரு மூலையைக் கிள்ளி வாயில் வைத்தார். "இனிக்குதே!"

"எனக்கு வேணாம். வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்றார் தாய்மாமன். எந்த மாதிரி என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, கெமராவுக்குக் கிட்டக் காட்டுங்க" என்றது போன். "இன்னும் கிட்ட. திருப்புங்க. அடியக் காட்டுங்க. ம்ஹும். அடி கருகியிருக்கு, ஓரம் மினுங்குது. இது பீட்சா இல்லம்மா, பணிஸ்."

ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து, வாயில் வைக்காமலே ருசி சொன்னார் அந்த மனிதர். விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது.

தாயார் சுகந்தியிடம் கேட்டார். "நீதான் செஞ்சியா?"

"மாவு நான் பெசஞ்சது. சீனி பேக்கரியில தடவுனது. ஆற வச்சது நீங்க" என்றாள் சுகந்தி, தலையைக் குனிந்தபடியே, மிகவும் அடக்கமாக. பிறகு போனைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க அங்க எப்பிடிச் செய்வீங்க?"

"நானா? நான் எங்க செய்றது? கடையில வாங்குறதுதான்."

புரோக்கர் இருமினார். "புள்ளைக்கு நேரம் எங்க இருக்கு!" என்றார் தாயார். இத்தாலி அதோடு அறுந்துபோனது. சிக்னலா, அவரா, தெரியாது.

அவர்கள் போன பிறகு அப்பா தொழுவத்துப் பக்கமிருந்து வந்தார். ஆறிய துண்டு ஒன்றை எடுத்து, தேயிலைச் சாயத் தண்ணீரில் தோய்த்து, மென்று, மென்று, மென்று விழுங்கினார். "தொட்டுத் தின்னா ஒண்ணும் செய்யாது" என்றார்.

விலை

அடுத்த ஞாயிறு புரோக்கர் வந்தார். அப்பா இந்த முறை புல்லுக்குப் போகவில்லை.

"பொண்ணப் புடிச்சிருக்காம். சந்தோசமான சமாச்சாரம்" என்று ஆரம்பித்தார். "ஆனா பாருங்க, பீட்சா சரியில்ல. அது அவங்களுக்கு ஒரு கொறதான். அந்தக் கொறைக்கு ஈடா, ஒரு பதினஞ்சு லட்சம். தங்கச்சிக்குத்தான் ஈ.பி.எப். வரப்போகுதே."

அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக, "கொஞ்சம் கொறச்சுக்க மாட்டாங்களாண்ணே?" என்று கேட்டார்.

நான் கரண்ட் பில்லை எடுத்துப் பிழை தேட ஆரம்பித்தேன். பட்டதாரியின் வேலை.

சுகந்தி தேத்தண்ணீர்த் தட்டோடு வெளியே வந்தாள். "மாமா, அவர லீவு எடுத்து வரச் சொல்லுங்க. வந்து ஒரு பீட்சா செய்யட்டும். காசிம் நானா போறண தருவாரு. நல்லா இருந்தாக் கட்டிக்கிறேன். நல்லா இல்லாட்டி பதினஞ்சு லட்சம் அவங்க தரட்டும். அம்மா ஈ.பி.எப்.போட சேத்து வச்சுக்கிறோம்."

"புள்ள வெளையாடுது" என்றார் புரோக்கர், அப்பாவைப் பார்த்து.

"இல்ல மாணிக்கம்" என்றார் அப்பா. "நானும் நல்ல நேரம் பாத்துத்தான் இருக்கேன். வரட்டும்."

புரோக்கர் எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்காமல் எழுந்து போனது அதுதான் முதல் தடவை. அம்மா அன்று முழுக்க சுகந்தியோடு பேசவில்லை. சாயந்தரம் ரொட்டி தட்டும்போது மட்டும் திடீரென்று தனக்குத்தானே சிரித்தார். "செருப்ப வித்தா பதினஞ்சு லட்சமாம்" என்றார்.

மறுநாள் கண்டி பஸ் ஏறும் முன்பு காசிம் நானாவிடம் போறணைக் கூலி கொடுக்கப் போனேன். பீட்சாவுக்குக் காசு வாங்கவே மாட்டேன் என்று கையைத் தட்டிவிட்டார். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, "அந்தப் பணிஸ் காசி மட்டும் தாங்க மகன்" என்றார்.

"எந்தப் பணிஸ்?"

"வேன்ல இருந்து திண்டாங்களே. உங்கட ஊட்டுக்கு வந்த ஆக்கள்தானே, உங்கட கணக்குல போடச் சொன்னாரு புரோக்கர்."

பதினைந்து லட்சம் கேட்டவர்கள் எங்களிடமிருந்து கடைசியில் கறந்தது, ஒன்பது மாலு பணிஸும் ஆறு பால் தேத்தண்ணீரும்: ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபா.